நிரப்பிக் காட்டுவதற்கு முன்

தொண்ணூற்றிரண்டு சதவீதம் என்று வண்டியின் திரை காட்டியதும் விற்பனையாளர் மைலேஜின் முகம் தொங்கிப்போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பேட்டரி கிட்டத்தட்ட நிறைந்திருக்கிறது, வண்டி துடைத்து வைத்த கண்ணாடி போல மின்னுகிறது, பக்கத்திலேயே வாடிக்கையாளரும் நிற்கிறார். ஒரு கார் விற்பனையாளருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அந்த வாடிக்கையாளர் சாதாரண ஆளாக இல்லை. சாம்பல் நிறச் சட்டை போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க அந்த மனிதர், காலை ஒன்பதே காலுக்கு ஷோரூமுக்குள் நுழைந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்க்கவில்லை. சீட்டைத் தடவவில்லை. நேராக வண்டியின் பின்பக்கம் போனார், சார்ஜ் ஏற்றுகிற இடத்தின் மூடியைத் திறந்தார், உள்ளே இருந்த துவாரங்களைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வண்டி ஃபாஸ்ட் சார்ஜ் ஒழுங்கா எடுக்குதா சார்?"

இந்தக் கேள்விக்காக மைலேஜ் ஆறு வாரமாகக் காத்திருந்தார்.

பதினெட்டு வருடமாக அதே ஷோரூமில் பெட்ரோல் வண்டி விற்றவர் அவர். யார் எதைக் கேட்டாலும் முதலில் மைலேஜில்தான் ஆரம்பிப்பார் என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் இந்தப் புது வண்டி வந்து இறங்கியது. பிளக்-இன் ஹைப்ரிட். உள்ளே மோட்டாரும் உண்டு, பெட்ரோல் எஞ்சினும் உண்டு. வீட்டில் கரண்டில் போட்டு வைத்தால் ஊருக்குள் சுற்றுவதெல்லாம் பேட்டரியிலேயே முடிந்துவிடும். தூரப் பயணத்துக்கு எஞ்சின் கைகொடுக்கும். இதெல்லாம் பழைய கதை. இந்த மாடலின் புதுமையே வேகமாகச் சார்ஜ் ஏறுவதுதான். பத்து சதவீதத்திலிருந்து எண்பது சதவீதம் வரை வெறும் இருபத்தாறு நிமிடம். முந்தைய மாடலுக்கு அரை நாள் பிடிக்கும்.

மைலேஜ் அந்த வண்டியின் மேல் பைத்தியமாகிவிட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு முறை படித்தார். முந்தின நாள் அவருக்கு வார விடுமுறை. அன்றும் சோபாவில் படுத்துக்கொண்டு அதைத்தான் படித்தார். மோட்டார் ஓடவேண்டுமா, எஞ்சின் ஓடவேண்டுமா என்று வண்டியே முடிவு செய்துகொள்ளும் என்று மனைவியிடம் பூரிப்போடு சொன்னபோது, நம் வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது, யார் ஓடவேண்டும் என்று நான்தானே முடிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஆனால் ஆறு வாரத்தில் ஒரு வண்டிகூட விற்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும், இது கரண்ட் வண்டியா, பெட்ரோல் வண்டியா என்று கேட்டார்கள். இரண்டும்தான் என்றால், அப்படியானால் இரண்டுமே உருப்படியாக இருக்காது என்று முடிவு கட்டிக்கொண்டு போனார்கள். மேனேஜர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். நாளை சாயங்காலத்துக்குள் ஒரு புக்கிங்காவது வராவிட்டால் வண்டி வேறு கிளைக்குப் போய்விடும். மைலேஜ் பழைய கார் பிரிவுக்குப் போய்விடுவார்.

அதனால்தான் தொண்ணூற்றிரண்டு சதவீதம் அவரை அப்படிக் கலங்கடித்தது. நிறைந்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான் இதுவும். கடைசிக் கொஞ்சத்தை வண்டி சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கிக்கொள்ளும். அந்த இருபத்தாறு நிமிட அதிசயத்தைக் காட்டவேண்டுமென்றால் பேட்டரி பத்து சதவீதத்தில் இருக்கவேண்டும்.

"எடுக்குதாவா?" என்றார் மைலேஜ். "வாயால சொன்னா நம்ப மாட்டீங்க சார். கண்ணால காட்டுறேன். முதல்ல இதைக் கொஞ்சம் காலி பண்ணிடுவோம். ஏறுங்க."

"இல்ல சார், நான் வந்தது என்னன்னா…"

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு மூடியைத் திறந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். ஏறுங்க."

சாம்பல் சட்டைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், ஏறிக்கொண்டார்.

ஊருக்கு வெளியே எட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மலைப்பாதை உண்டு. ஏற்றத்தில் போனால் பேட்டரி மடமடவென்று இறங்கும் என்பது மைலேஜின் கணக்கு. இறங்கவும் செய்தது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எழுபத்து நாலு. சத்தமே இல்லாமல் வண்டி மேலே வழுக்கிக்கொண்டு போனதில் சாம்பல் சட்டைக்காரர் ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி, எஞ்சின் சத்தம் எங்காவது கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். கேட்கவில்லை. சின்னப் பையன் மாதிரி சிரித்தார்.

திரும்பி இறங்கும்போதுதான் மைலேஜுக்கு ஒன்று உறைத்தது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரம் சுற்றுகிற வேகத்தையே கரண்டாக மாற்றி வண்டி பேட்டரிக்குள் திருப்பிப் போட்டுவிடும். கையேட்டில் எண்பத்தேழாம் பக்கம். அவரே நூறு பேரிடம் பெருமையாகச் சொன்ன விஷயம். எழுபத்தைந்து, எழுபத்தேழு, எழுபத்தொன்பது என்று எண் ஏறிக்கொண்டே வந்தது. அடிவாரத்தில் எண்பத்தொன்று.

"அட, சும்மா இறங்கினதுக்கே ஏறிடுச்சே" என்று வியந்தார் சாம்பல் சட்டைக்காரர்.

"ஆமா சார்" என்றார் மைலேஜ், வாழ்க்கையில் முதல் முறையாக அந்த அம்சத்தைச் சபித்துக்கொண்டே.

சமதளத்தில் வேகமாக ஓட்டிக் காலி செய்துவிடலாம் என்று ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினார். டிரைவருக்கு ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று வண்டி புரிந்துகொண்டு, தூங்கிக்கொண்டிருந்த எஞ்சினை எழுப்பிவிட்டது. பெட்ரோல் எரிந்தது, பேட்டரி அப்படியே இருந்தது. வாயால் சொன்னால் கேட்கும் வசதி இருக்கிறதே என்று நினைவு வந்து, மைலேஜ் ஸ்டீயரிங்கில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டுத் தெளிவாகச் சொன்னார்.

"பேட்டரியைக் காலி பண்ணணும்."

வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு செய்தி வாசிக்கிற குரலில் பதில் சொன்னது. "அருகில் மூன்று பேட்டரிக் கடைகள் உள்ளன. முதல் கடைக்கு வழி காட்டுகிறேன்."

வேண்டாம், பேசாமல் இரு என்றார் மைலேஜ். அது பேசாமல் இருந்தது. ஆனால் திரையில் அம்புக்குறி காட்டுவதை நிறுத்தவில்லை. அம்புக்குறி பார்த்தே ஓட்டிப் பழகியவர் தன்னை அறியாமல் அது காட்டிய பக்கமெல்லாம் திருப்பினார். ஐந்து நிமிடத்தில் ஒரு பேட்டரிக் கடை வாசலில் போய் நின்றார்கள். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, பேட்டரி இறங்கிவிட்டதா என்று பரிவோடு விசாரித்தார்.

"இறங்கலைங்க. அதான் பிரச்சினை" என்றார் மைலேஜ்.

கடைக்காரர் இன்னொரு கேள்வி கேட்பதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். ஏசியை முழு வேகத்தில் வைத்து, கூடவே சீட்டைச் சூடாக்கும் வசதியையும் போட்டார். முதுகு வெந்தது, மூக்கு விறைத்தது. நடுவே சாம்பல் சட்டைக்காரர் மறுபடி ஏதோ சொல்ல ஆரம்பித்து, தும்மல் வந்து நிறுத்திக்கொண்டார். நெரிசலில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுப் பதினொரு மணிக்கு ஷோரூமுக்குத் திரும்பியபோது எழுபத்து மூன்று.

இறங்கி நின்று இடுப்பில் கை வைத்து யோசித்தார் மைலேஜ். அப்போதுதான் வண்டியின் இன்னொரு புது வசதி அவருக்கு மின்னல் போல் உதித்தது. பின்பக்கம் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது. வண்டி கரண்டை வாங்கும் என்பது மட்டுமில்லை, கொடுக்கவும் கொடுக்கும். வீட்டுச் சாமான் எதை வேண்டுமானாலும் மாட்டலாம்.

ஓடிப்போய் உள்ளே இருந்த காபி மெஷினைத் தூக்கி வந்தார். அடுத்து கெட்டில். வரவேற்பு மேசைப் பெண்ணின் காலடியில் இருந்த ஃபேனை அவர் உருவியபோது அவள் தடுத்தாள்.

"அண்ணா, அது என் ஃபேன்."

"ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கோம்மா. பெரிய பார்ட்டி வந்திருக்கார்."

காபி மெஷினும் கெட்டிலும் ஒன்றாகக் கொதித்தபோது வண்டி மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அளவுக்கு மேல் இழுத்தால் கரண்டை நிறுத்திவிடும். நூற்று நாற்பதாம் பக்கம். ஒன்றைக் கழற்றினால் ஓடியது; ஆனால் ஒன்று மட்டும் ஓடினால் இறங்குவது போதவில்லை. அளவு தெரிந்து இழுக்கிற பொருள் வேண்டும், தொடர்ந்தும் இழுக்கவேண்டும். எதிர்வரிசையில் லாண்டரிக் கடை கண்ணில் பட்டது. மைலேஜ் போய், உங்கள் அயர்ன் பாக்ஸுக்கு இன்று கரண்ட் இலவசம் என்றார். லாண்டரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இலவசம் என்றால் எங்கோ கையெழுத்து வாங்கப் போகிறார்கள் என்பது அவருடைய அனுபவம். ஆனாலும் மேசையோடு வந்தார்.

பத்து நிமிடத்தில் பக்கத்து பியூட்டி பார்லரை நடத்தும் அம்மா எட்டிப் பார்த்தார். லாண்டரிக்காரருக்கு மட்டும்தானா என்று கேட்டார். இல்லை, எல்லோருக்கும்தான் என்றார் மைலேஜ். அந்த அம்மா இரண்டு ஹேர் டிரையரையும், தலைக்குச் சாயம் போட்டுக் காத்திருந்த ஒரு வாடிக்கையாளரையும் நாற்காலியோடு கூட்டி வந்துவிட்டார். ஷோரூம் முற்றத்தில் ஒரு பக்கம் சட்டை தேய்ந்தது, இன்னொரு பக்கம் தலை காய்ந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். ஏதோ புது மாதிரி விளம்பரம் என்று நினைத்து ஒருவர் படம் பிடித்தார். இன்னொருவர் போனைச் சார்ஜ் போட இடம் கேட்டார்.

இந்த அமளிக்கு நடுவில் சாம்பல் சட்டைக்காரர்தான் எல்லோரையும் விட உற்சாகமாக இருந்தார். எது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. இந்த டிரையரை நிறுத்திவிட்டு அந்த அயர்ன் பாக்ஸைப் போடுங்கள், இப்போது கெட்டிலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கச்சேரி நடத்துகிற மாதிரி கையசைத்துச் சொன்னார். அவர் சொன்னபடி மாட்டினால் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. விஷயம் தெரிந்த வாடிக்கையாளர் என்று மைலேஜ் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு இன்னொரு கிளையில் கூட்டத்தில் இருந்த மேனேஜர் போன் செய்தார். வரவேற்பு மேசைப் பெண் வாசலுக்கு வந்து சேதி சொன்னாள்.

"அண்ணா, காலையில ஒருத்தர் வர்றதா இருந்துச்சே, வந்துட்டாரான்னு சார் கேட்டார். நீங்கதான் கூட இருக்கீங்கன்னு சொன்னேன். வேலை முடியாம அவரை விட்டுடாதீங்கன்னு சொல்லச் சொன்னார்."

மைலேஜ் மனதுக்குள் கணக்குப் போட்டார். மேனேஜரே வழி மேல் விழி வைத்துக் காத்திருக்கிற வாடிக்கையாளர் என்றால் ஒரு வண்டி இல்லை, ஏதோ கம்பெனிக்காகப் பத்து வண்டி வாங்க வந்தவராக இருக்கவேண்டும். உடனே உள்ளே போய், நல்ல நாற்காலியாகப் பார்த்து எடுத்து வந்து போட்டார். வண்டி கரண்டில் போட்ட காபியைத் தன் கையாலேயே கொடுத்தார். சாம்பல் சட்டைக்காரர் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டு, எட்டு வருடமாகத் தொழிலில் இருக்கிறேன், யாரும் இப்படி உட்காரவைத்துக் கவனித்ததில்லை என்றார். என்ன தொழில் என்று கேட்க மைலேஜ் வாயெடுப்பதற்குள் பார்லர் அம்மா குறுக்கே வந்தார்.

"ஏன் சார், இது சிவப்புல வருமா?"

"வரும்மா, வரும்" என்றார் மைலேஜ் திரும்பிப் பார்க்காமலே.

ஒன்றரை மணிக்கு நாற்பது. இரண்டேகாலுக்கு இருபத்தைந்து. கூட்டம் இப்போது கிரிக்கெட் நேரலை பார்க்கிற மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ எண்ணைச் சத்தமாக வாசித்தார்கள். இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது. அந்த நொடியில் வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஓர் உறுமல் கேட்டது. பேட்டரி இருபதைத் தொட்டதும் எஞ்சின் தானாகவே ஓட ஆரம்பித்து, பேட்டரியை மறுபடி நிரப்பத் தொடங்கிவிட்டது. இருபத்தொன்று, இருபத்திரண்டு.

மைலேஜ் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பேட்டரியைக் காலி செய்ய இவ்வளவு பாடா? இந்த வண்டியை இவ்வளவு புத்திசாலியாகச் செய்தவர்கள் மேல் அவருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

சாம்பல் சட்டைக்காரர் கையேட்டை எடுத்தார். விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார். இருநூற்று ஆறாம் பக்கத்தில் நிறுத்தி, திரையில் நாலு இடத்தில் தட்டினார். எஞ்சின் அடங்கியது. லாண்டரிக்காரர் கை தட்டினார். மைலேஜ் எழுந்து அந்த மனிதரை அணைத்துக்கொள்ளப் போய், வாடிக்கையாளர் என்பது நினைவுக்கு வந்து கை மட்டும் குலுக்கினார்.

இரண்டே முக்காலுக்குப் பத்து சதவீதம்.

முற்றத்தில் அப்போது முப்பது பேராவது இருப்பார்கள். எல்லாச் சாமானையும் கழற்றியாயிற்று. தலை காய்ந்த பெண்மணிகூட வீட்டுக்குப் போகாமல் நின்றார். மைலேஜ் வண்டியை மூலையில் இருந்த ஃபாஸ்ட் சார்ஜர் பக்கம் மெல்ல ஓட்டிப்போய் நிறுத்தினார். ஆள் உயரத்துக்கு ஒரு தூண், அதில் ஒரு திரை, பக்கத்தில் தடித்த கேபிள். யாரும் மாட்டாத நேரத்தில் அந்தத் திரை இருண்டுதான் கிடக்கும், மாட்டினால் விழித்துக்கொள்ளும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கிருந்து இருபத்தாறே நிமிடம், எண்பதுக்குப் போகிறதா இல்லையா என்று நீங்களே பாருங்கள் என்றார். இரண்டு கையாலும் கேபிளைத் தூக்கி, மூடியைத் திறந்து, மாட்டினார். கிளிக் என்று பூட்டிக்கொண்டது.

முப்பது பேரும் தூணின் திரையைப் பார்த்தார்கள்.

திரை விழிக்கவில்லை.

கழற்றி மாட்டினார். துடைத்து மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு மாட்டினார். தூணை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பத்து சதவீதம் பத்தாகவே நின்றது. பின்வரிசையில் ஒருவர் மெதுவாகக் கழன்றுகொண்டார். லாண்டரிக்காரர் தன் மேசையை மடக்க ஆரம்பித்தார்.

பார்லர் அம்மா மட்டும் முன்னால் வந்தார். சார்ஜர் போனால் போகட்டும், என் இரண்டு டிரையரும் மூன்று மணி நேரம் இதில் ஓடியிருக்கிறது, வீடு வீடாகப் போய் அலங்காரம் செய்கிறவளுக்கு இதை விட வேறென்ன வேண்டும், இன்றைக்கே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் சிவப்புதான் வேண்டும் என்றார்.

"ஒரு நிமிஷம்மா, முதல்ல கஸ்டமரைக் கவனிச்சுட்டு வந்துடுறேன்" என்று அவரை ஓரமாக நிறுத்திவிட்டு, மைலேஜ் சாம்பல் சட்டைக்காரரிடம் ஓடினார். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வண்டி மேல் ஒரு குறையும் இல்லை, கோளாறு அந்தத் தூணில்தான், இப்போதே போன் போட்டு ஆளை வரவழைக்கிறேன், எத்தனை மணி ஆனாலும் சரிசெய்து காட்டாமல் உங்களை அனுப்பமாட்டேன், தப்பாக எடுத்துக்கொண்டு மட்டும் போய்விடாதீர்கள் என்று மன்றாடினார்.

சாம்பல் சட்டைக்காரர் இருண்ட திரையைப் பார்த்தார். பத்து சதவீதத்தைப் பார்த்தார். தன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டார்.

"யாருக்கும் போன் போடாதீங்க சார். அதைச் சரிபண்ணத்தான் நான் காலையில ஒன்பதே காலுக்கே வந்தேன்."